ஒரு மெல்லிய ராக் பாலட்டை முழுதாகக் கேட்பது எப்படி: படிப்படியான வழிகாட்டி

ராக் பாலட் என்பது நிதானமான ராக் பாடல். தனியாக ஒரு பியானோவோ கிட்டாரோ ஒலிக்கத் தொடங்கும், நான்கைந்து நிமிடங்களில் முழு இசைக்குழுவாக வளரும், அப்புறம் அடங்கும். அந்த வளர்ச்சிதான் அதன் உயிர்.

"இதில் என்ன இருக்கிறது, மெதுவாகப் போகிறது" என்று சொன்ன பலருடன் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பெரும்பாலானோருக்கு அந்த வளர்ச்சியே காதில் விழுந்திருக்கவில்லை. சிலர் நடுவில் வால்யூமைக் கூட்டிக் குறைத்திருந்தார்கள். சிலருடைய செயலியில் ஏதோ ஓர் அமைப்பு பாடலைத் தட்டையாக்கியிருந்தது. மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டுவிடப் பார்த்தார்கள்.

கீழே உள்ள வரிசைப்படி ஒரே பாடலை ஐந்து தடவை கேட்கப் போகிறோம். ஒவ்வொரு தடவையும் காதுக்கு ஒரே ஒரு வேலை. வரிசையை மாற்ற வேண்டாம். ஏன் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. பாடலைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா மெதுவான பாடலும் இந்தப் பயிற்சிக்கு ஒத்து வராது. மூன்று விஷயங்களைப் பாருங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு கருவிகள் மட்டும் இருக்க வேண்டும். டிரம்ஸ் பாதியில்தான் சேர வேண்டும். எங்காவது ஒரு கிட்டார் தனி வாசிப்பு வர வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரை இருந்தால் காதுக்கு அவகாசம் கிடைக்கும்.

மேடையில் பதிவு செய்ததை எடுக்க வேண்டாம், ஸ்டுடியோப் பதிவையே எடுங்கள். மேடைப் பதிவில் கூட்டத்தின் சத்தம் மெல்லிய இடங்களை மூடிவிடும். இந்தப் பயிற்சியில் பாதி வேலை அந்த மெல்லிய இடங்களில்தான் இருக்கிறது.

உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடமான பாடலையும் தவிருங்கள். மனம் அடுத்த வரியை முன்கூட்டியே பாடிவிடும், காது ஓய்வெடுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு தடவை எங்கோ கேட்ட பாடல்தான் சரியான தேர்வு.

2. காதையும் நேரத்தையும் ஒதுக்குங்கள்

முக்கால் மணி நேரம் வேண்டும். ஐந்து தடவை கேட்க இருபத்தைந்து நிமிடம் போகும், மீதி நேரம் இடையிடையே அமைதியாக இருப்பதற்கு. அந்த இடைவெளியை விட்டால் மூன்றாம் தடவையிலேயே பாடல் சலித்துவிடும்.

போக்குவரத்து நெரிசலிலிருந்தோ சத்தமான அரங்கிலிருந்தோ வந்தவுடன் உட்கார வேண்டாம். பலத்த சத்தத்துக்குப் பிறகு காது கொஞ்ச நேரம் மந்தமாகவே இருக்கும். பாடகரின் மூச்சு, கம்பியில் விரல் உரசுவது போன்ற நுண்ணிய ஒலிகள் முதலில் காணாமல் போகும். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து கேட்டால் இன்னும் நல்லது.

மின்விசிறியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். அதன் இரைச்சல் நமக்குப் பழகிப்போனதால் கேட்பதே இல்லை. ஆனால் பாடலின் மிக மெல்லிய ஒலிகளை அது விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

3. ஹெட்ஃபோனா, ஸ்பீக்கரா?

முதல் நான்கு தடவைக்கு ஹெட்ஃபோன், கடைசித் தடவைக்கு ஸ்பீக்கர். இரண்டும் இருந்தால் இதுவே என் பரிந்துரை. ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதுவே போதும். போனின் சொந்த ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது, அவ்வளவு சிறிய ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்க முடியாது. மேலே உள்ள துணை அதிர்வுகளை வைத்து மூளை அந்தச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். சுரம் தெரியும், அதன் கனம் வராது.

இயர்பட்ஸ் போடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ரப்பர் முனை காதில் சரியாக அடைக்காமல் இருப்பது. சிறு இடைவெளி இருந்தாலும் கீழ் ஒலிகள் வெளியே கசிந்துவிடும். பேஸ் சத்தம் குறைவாகத் தோன்றினால், வால்யூமைத் தொடும் முன் முனையின் அளவை மாற்றிப் பாருங்கள்.

ஸ்பீக்கர் என்றால், இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக அமையும்படி உட்காருங்கள். ஒரு பக்கம் நெருங்கினால் பாடகரின் குரலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

4. செயலியில் இவற்றை அணைத்துவிடுங்கள்

பாடல்களை ஒன்றோடொன்று கலந்து இணைக்கும் வசதிதான் முதலில் போக வேண்டியது. பாடலின் கடைசி சில விநாடிகளை அது தின்றுவிடும். பாலட்டின் முடிவு அந்த விநாடிகளில்தான் இருக்கிறது. தானாக அடுத்த பாடலுக்குப் போவதையும் நிறுத்துங்கள்.

ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், தலையைச் சுற்றி ஒலிக்கச் செய்யும் வசதிகள், இவை எல்லாம் போகட்டும். சத்தத்தைச் சமப்படுத்தும் அமைப்பில் கவனம் தேவை. அதில் "உரத்த" என்ற நிலையோ இரவு நேர நிலையோ இருந்தால், மெல்லிய இடத்தைத் தூக்கியும் உரத்த இடத்தை அமுக்கியும் இரண்டையும் ஒன்றாக்கிவிடக்கூடும். இந்தப் பாடலைக் கேட்பதன் காரணமே அப்படிப் போய்விடும்.

ஒலித் தரத்தை இருப்பதிலேயே உயர்ந்ததாக வையுங்கள். குறைந்த தரத்தில் முதலில் கெட்டுப்போவது சிம்பலின், அதாவது டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டின் ஓசை. தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் குழறும்.

புளூடூத் ஹெட்ஃபோனில் பாடல் திடீரென்று பழைய தொலைபேசி போல் ஒலித்தால், ஏதோ ஒரு செயலி மைக்கைத் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை மூடினால் சரியாகிவிடும்.

5. வால்யூமை உரத்த இடத்தில் நிர்ணயியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

புதியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். முதல் சரணம் மெல்லியதாக இருக்கிறது, எனவே வால்யூமைக் கூட்டுகிறார்கள். ஒன்றரை நிமிடத்தில் டிரம்ஸும் மின் கிட்டாரும் உள்ளே வருகின்றன. காது கூசுகிறது, கை ஓடிப்போய்க் குறைக்கிறது. பாடல் எந்த இடத்தில் விரிந்து அவர்களைத் தூக்க வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் அதைச் சுருக்கிவிடுகிறார்கள். அப்புறம் "தட்டையாக இருக்கிறது" என்கிறார்கள்.

சரியான வழி: கடைசி கோரஸுக்கு (பாடலில் திரும்பத் திரும்ப வரும் பகுதி) சற்று முன்னால் நகர்த்தி, அங்கே பத்து விநாடி மட்டும் கேளுங்கள். முழு இசைக்குழுவும் ஒலிக்கும்போது நிறைவாக, ஆனால் முகம் சுளிக்காமல் கேட்க முடிகிற அளவில் வால்யூமை வையுங்கள். பிறகு தொடக்கத்துக்குத் திரும்புங்கள். முதல் சரணம் கொஞ்சம் தாழ்ந்து கேட்கும், காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். யாரோ பக்கத்தில் தணிந்த குரலில் பேசும்போது நாம் தானாகவே சாய்ந்து கேட்போமே, அதே சாய்வுதான் இங்கேயும் வேண்டும்.

ரொம்பக் குறைவாக வைப்பதும் பிழை. குறைந்த சத்தத்தில் நம் காதுக்குக் கீழ் ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாக மங்குகின்றன. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைபடமாக்கினார்கள். முணுமுணுப்பாகக் கேட்டால் குரல் மிஞ்சும், பேஸ் கிட்டார் மறையும், பாடலுக்குத் தரையே இல்லாமல் போகும்.

மேல் எல்லை தெரிய வேண்டுமா? பெரியவர்களுக்கு 80 டெசிபெல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். சாதாரணப் பேச்சு 60 டெசிபெல் அளவில் இருக்கும். பல போன்களில் ஹெட்ஃபோன் சத்தத்தைக் காட்டும் வசதி இருக்கிறது, ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்ணயித்தாயிற்று. இனி, ஸ்பீக்கருக்கு மாறும்போது தவிர, ஐந்து தடவையும் வால்யூமைத் தொடக் கூடாது.

6. முதல் தடவை: எதையும் தேடாதீர்கள்

கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாடலையும் கேளுங்கள். பாடல் வரிகளைத் திரையில் படிக்க வேண்டாம். படிக்கும்போது கண் ஒரு வரி முன்னால் ஓடும், பாடகர் அந்தச் சொல்லை எப்படித் தொட்டார் என்பது கவனத்தில் விழாது. மொழி புரியாவிட்டாலும் இந்தத் தடவைக்குப் பாதகமில்லை.

நாம் பல்லவி என்று சொல்வதற்கு நெருக்கமானது இங்கே கோரஸ். ஆனால் இந்த வகைப் பாடல்களில் அது பெரும்பாலும் முதலில் வராது. ஒரு சரணம், சில சமயம் இரண்டு சரணம் காக்க வைத்துத்தான் வரும். பொறுமையிழந்து கோரஸுக்குத் தாவ வேண்டாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இசையின் உச்சத்தில் மட்டுமல்லாமல் அதற்காகக் காத்திருக்கும் நேரத்திலும் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதைக் கண்டார்கள். இரண்டும் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் நடக்கின்றன. தாவிப் போனால் அந்த முதல் பாதி உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

முடிந்ததும் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பாடலின் எந்த இடம் மனதில் நிற்கிறது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

7. இரண்டாம் தடவை: அடியிலிருந்து கேளுங்கள்

இப்போது கீழ் ஒலிகள் மட்டும். குரலைப் பின்தொடராதீர்கள். இது எதிர்பார்ப்பதைவிடக் கடினம். மனிதக் காதுக்கு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும், குரலின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. எனவே காது திரும்பத் திரும்பப் பாடகரிடமே ஓடும். ஓடினால் பரவாயில்லை, கூட்டி வாருங்கள்.

குரலை விட்டு அடியிலிருந்து தொடங்கக் காரணம், குரலில் தொடங்கியவர்கள் அப்புறம் கீழே இறங்குவதே இல்லை. அடியை ஒரு தடவை பிடித்துவிட்டால், மேலே எதைக் கேட்டாலும் அது பின்னணியில் உணரப்பட்டுக்கொண்டே இருக்கும்.

முதலில் பேஸ் கிட்டார் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். பல பாலட்டுகளில் முதல் சரணத்தில் அது இருக்காது. இரண்டாம் சரணத்தில் வரும்போது யாரும் அறிவிக்க மாட்டார்கள். ஆனால் அறைக்குத் தரை போட்டது போல் ஏதோ ஒன்று உறுதியாகும். நான் முதன்முதலாக அந்த நொடியைத் தனியாகப் பிடித்தபோது, எத்தனையோ வருடமாகக் கேட்ட பாடலில் அது அங்கே இருந்ததே தெரியாமல் இருந்ததை நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு டிரம்ஸ். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். காலால் மிதித்து அடிக்கும் பெரிய கிக் டிரம் பெரும்பாலும் ஒன்றில் விழும். குச்சியால் அடிக்கும், கூர்மையாக ஒலிக்கும் ஸ்னேர் டிரம் இரண்டிலும் நான்கிலும் விழும். எண்ணிக்கை ஒட்டவில்லை என்றால் ஆறாக எண்ணிப் பாருங்கள். தாலாட்டு போல ஆடும் பாலட்டுகள் பல ஆறில்தான் நடக்கின்றன.

ஸ்னேரின் ஒலி எந்த இடத்தில் மாறுகிறது என்பதுதான் இந்தத் தடவையின் பரிசு. சரணத்தில் டிரம்மர் குச்சியைத் தோலின் மேல் படுக்க வைத்து விளிம்பை மட்டும் தட்டுவார். "டொக்" என்று மரத்தைத் தட்டியது போல், சின்னதாக, காய்ந்த ஒலி. கோரஸ் வரும்போது குச்சியைத் தூக்கி முழுத் தோலில் அடிப்பார். அதே நேரத்தில் மற்றக் கை மூடிய ஹை-ஹாட் என்ற இரட்டைச் சிம்பலிலிருந்து பெரிய ரைடு சிம்பலுக்குப் போகலாம். வேகம் மாறவில்லை, சுரமும் மாறவில்லை. ஆனால் பாடல் திடீரென்று அகலமாகிவிட்டது. அகலமானதற்குப் பாதிக் காரணம் அந்த இரண்டு கைகள்.

8. மூன்றாம் தடவை: குரலும் அதன் மூச்சும்

இப்போது குரலுக்குப் போகலாம், ஆனால் சொற்களுக்கு முன் மூச்சைக் கேளுங்கள். ஸ்டுடியோவில் பாடகர் மைக்கை ஒட்டி நின்று பாடுகிறார். பிறகு கம்ப்ரஸர் என்ற கருவி உரத்த ஒலியை அடக்கி, மெல்லிய ஒலியை மேலே கொண்டுவருகிறது. அதனால்தான் ஒரு சாண் தூரத்தில் யாரோ மூச்சிழுப்பது போல் கேட்கிறது.

வரிக்கு முன் மூச்சு நீளமா, அவசரமா? சரணத்தில் மூச்சோடு கலந்து வரும் குரல், கோரஸில் நெஞ்சுக்கு ஏறும். அந்த ஏற்றத்தில் ஓரிடத்தில் குரல் லேசாகக் கரகரக்கும், அல்லது உடையும் எல்லையைத் தொட்டுத் திரும்பும். அந்த விளிம்பு எந்தச் சொல்லில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சொல்லின் பொருள் தெரியாதவர்கள் பாடல் முடிந்ததும் அந்த ஒரு சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள். அது பெரும்பாலும் பாடலின் மையச் சொல்லாக இருக்கும்.

இன்னொன்று: இரண்டாம் கோரஸில் கூடுதல் குரல்கள் சேர்ந்திருக்கும். பல சமயம் பாடகரே மீண்டும் பாடித் தன் குரலின் மேல் பதிந்ததுதான். முதல் கோரஸோடு ஒப்பிட்டுக் கேட்டால்தான் தெரியும், எனவே முதல் கோரஸை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஸ்", "ச" ஒலிகள் ஊசி போல் குத்தினால் பாடலைக் குறை சொல்ல வேண்டாம். வால்யூம் கூடிவிட்டது, அல்லது ஹெட்ஃபோன் அந்தப் பகுதியை மிகைப்படுத்துகிறது. ஐந்தாம் படிக்குத் திரும்பிச் சரிபாருங்கள்.

9. நான்காம் தடவை: இடமும் கிட்டாரும்

குரல், கிக், ஸ்னேர், பேஸ் நான்கும் பெரும்பாலும் நட்டநடுவில் இருக்கும். இரு ஓரங்களையும் கேளுங்கள். கிட்டாரை இரண்டு தடவை வாசித்து ஒன்றை இடமும் ஒன்றை வலமும் வைப்பது வழக்கம். ஹெட்ஃபோனை ஒரு பக்கம் எடுத்து, பிறகு மறுபக்கம் எடுத்துக் கேட்டால் இரண்டு வாசிப்புக்கும் இடையே உள்ள சிறு வேறுபாடு தெரியும். விரல் கம்பியின் மேல் சறுக்கும் "கிறீச்" ஒலியும் அங்கேதான் கிடைக்கும். அதைக் குறை என்று நினைக்காதீர்கள், வாசிப்பவரின் கை அங்கே இருந்ததற்கான தடயம் அது.

ஆழத்துக்கு எதிரொலியைக் கவனியுங்கள். ஒரு சொல் முடிந்த பின் அதன் வால் எவ்வளவு நேரம் தொங்குகிறது? சரணத்தில் குட்டையாகவும் கோரஸில் நீளமாகவும் இருந்தால், சின்ன அறையிலிருந்து பெரிய மண்டபத்துக்குப் போனது போல் உணர்வீர்கள். ஆர்கன் (பியானோ போன்ற விசைப்பலகைக் கருவி) இருந்தால், அதன் ஒலி மெல்லச் சுழல்கிறதா என்று பாருங்கள். லெஸ்லி ஸ்பீக்கர் என்ற பெட்டிக்குள் ஒலிக்கும் பாகம் உண்மையாகவே சுற்றுகிறது. உச்சம் நெருங்கும்போது வாசிப்பவர் அதை வேகமாகச் சுழலவிடுவார், காற்று நடுங்குவது போல் இருக்கும்.

கிட்டார் தனி வாசிப்பு வரும்போது மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். வேகத்தைத் தேடாதீர்கள், பாலட்டில் அது அரிதாகத்தான் வரும். கம்பியை விரலால் வளைத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துக்கொண்டு போகும் இடங்களைக் கேளுங்கள். போய்ச் சேருவதற்குள் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். சேர்ந்ததும் அந்தச் சுரம் நடுங்கும், மின் பெருக்கியின் உதவியால் மங்காமல் நின்று பாடும். பாடகர் சொல்லாமல் விட்டதைக் கிட்டார் சொல்கிறது என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

தனி வாசிப்புக்குப் பின் கடைசி கோரஸ் முழுவதுமாக ஒரு படி மேலே ஏறி ஒலித்தால், சுருதியை உயர்த்தியிருக்கிறார்கள். முணுமுணுத்துக்கொண்டே வந்தால் உங்கள் தொண்டைக்கே அது தெரிந்துவிடும்.

10. ஐந்தாம் தடவை: உடம்பால் கேளுங்கள்

ஸ்பீக்கர் இருந்தால் இப்போது மாற்றுங்கள். வால்யூமை மட்டும் ஐந்தாம் படியின்படி மறுபடி நிர்ணயித்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனில் இசை தலைக்குள் இருக்கிறது. ஸ்பீக்கரில் பேஸ் நெஞ்சுக்கும் பாதத்துக்கும் வருகிறது.

இந்தத் தடவை கேட்க வேண்டியது உங்களைத்தான். மூச்சு எங்கே மெதுவாகிறது? தோள் எங்கே இறங்குகிறது? கோரஸுக்கு முன் டிரம்ஸ் ஒரு கணம் நின்றால், அந்த இடைவெளியில் நீங்களும் மூச்சைப் பிடித்திருக்கிறீர்களா?

சிலருக்கு முதுகிலும் கையிலும் மயிர்க்கூச்செறியும். எல்லோருக்கும் வராது. வராதவர்கள் குறைவாக உணர்கிறார்கள் என்று இல்லை. அதை எதிர்பார்த்துக் காத்திருப்பதுதான் தவறு. காத்திருந்தால் கவனம் தோலுக்குப் போய்விடும், காதை விட்டுவிடும். கண் கலங்கினால் கலங்கட்டும், துடைக்க அவசரப்பட வேண்டாம்.

11. முடிவைக் கேட்டு முடியுங்கள்

பாலட்டுகள் பெரும்பாலும் இரண்டு விதமாக முடியும். ஒன்று, மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். அதில் கடைசி ஒலி காதைவிட்டுப் போகும் நொடி வரை பின்தொடருங்கள். தேயும் நேரத்தில் கிட்டாரோ குரலோ அதுவரை செய்யாத ஏதாவது ஒன்றைச் செய்திருக்கும். பாதியில் கை எடுத்தவர்களுக்கு அது தெரியாது.

மற்றது, தொடக்கத்தில் இருந்த தனிக் கருவிக்கே திரும்பி ஒரு கடைசிச் சுரத்தில் நிற்கும். அந்தச் சுரம் முழுதாக அடங்க விடுங்கள். பியானோ என்றால் பெடலிலிருந்து கால் எடுக்கும் சின்ன ஓசைகூடக் கேட்கலாம்.

உடனே எழுந்துவிட வேண்டாம், ஹெட்ஃபோன் என்றால் கழற்றவும் வேண்டாம். அரை நிமிடம் அப்படியே இருங்கள், பிறகு மின்விசிறியைப் போடுங்கள். அதே பாடலை அன்றைக்கு மறுபடி கேட்காதீர்கள். மூன்று நாள் கழித்து, இந்தப் படிகள் எதையும் நினைக்காமல், ஒரே ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். வால்யூமை மட்டும் முன்போல் கடைசி கோரஸில் நிர்ணயித்துவிட்டு.